மூச்சை மீட்டுத் தரும் சுண்ணாம்பு

தோல் பதனிடும் ஊர்களுக்குச் சுண்ணாம்பு புதிய பொருளன்று. சத்துவாச்சாரி வழியே செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் இராணிப்பேட்டை. மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. தோலிலுள்ள மயிர் எளிதில் கழன்று வருவதற்காக அதனைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். அதே சுண்ணாம்பு அறுவை அரங்கிலும் ஒரு பணியைச் செய்கிறது என்றால் சிலர் வியப்படையலாம். மயக்க மருந்து வீணாகாமல் காப்பதே அப்பணி.

முதலில் ஒரு சிறு கணக்கு. அசையாமல் படுத்திருக்கும் ஒருவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. சுமார் 200 மில்லி லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. ஆனால் மயக்க எந்திரத்திலிருந்து நிமிடத்துக்கு 6 லிட்டர் வாயுவைச் செலுத்துவது நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்தது. இரண்டு மணி நேர அறுவைக்கு இது 720 லிட்டர் ஆகும். உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ 30 லிட்டர்தான்! எஞ்சியதில் பெரும்பகுதி, அதில் கலந்த மயக்க மருந்துடன் வெளியே போய்விடுகிறது. வெளிமூச்சிலுள்ள கரியமில வாயுவை அடித்துச் செல்வதற்காகவே இவ்வளவு வாயு தேவைப்படுகிறது. அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டால், மீதியை நோயாளி மீண்டும் சுவாசிக்கலாம் அல்லவா?

இவ்வழியில் முதலில் சிந்தித்தவர் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. காலரா குடிநீரால் பரவுகிறது என்று 1854இல் எடுத்துக்காட்டியவரும் இவரே. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் வெற்றி பெற்றது. மறு ஆண்டே கல்கத்தாவுக்கும் வந்துவிட்டது. உடலுள் சென்ற மருந்தில் பெரும்பகுதி மாறாமலே மூச்சில் திரும்பி வருவதை ஸ்நோ கண்டறிந்தார். 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில், தம் வெளிமூச்சிலுள்ள கரியமில வாயுவைக் காஸ்டிக் பொட்டாஷால் நீக்கி, அதைத் தாமே மீண்டும் சுவாசித்துச் சோதித்தார்.

ஆறு பத்தாண்டுகளுக்குப் பின், 1915இல், அமெரிக்க மருந்தியல் அறிஞர் டென்னிஸ் ஜாக்சன் இம்முறையை விலங்குகளிடம் செய்து காட்டினார். 1920களில் ரால்ஃப் வாட்டர்ஸ் அதனை நோயாளிகளிடம் பயன்படுத்தினார். அவர் கையாண்டது சோடா சுண்ணாம்பு நிரம்பிய ஒரு குப்பி. 1930இல் பிரையன் ஸ்வார்டு, வாயு ஒரே திசையில் சுற்றிவரும் வட்ட அமைப்பை வெளியிட்டார்.

சோடா சுண்ணாம்பு என்பது நீற்றிய சுண்ணாம்புடன் சிறிது காஸ்டிக் சோடாவும் நீரும் சேர்ந்த மணிகளே. சுண்ணாம்பு நீரில் ஊதினால் அது பால்போல் வெளுப்பதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். குப்பியினுள் நிகழ்வதும் அடிப்படையில் அதுவே. அவ்வினையில் வெப்பமும் நீரும் தோன்றுவதால், நோயாளிக்கு வெதுவெதுப்பான, ஈரமான வாயு கிடைப்பது கூடுதல் நன்மை.

1952இல் ஃபோல்டஸ் நிமிடத்துக்கு 1 லிட்டர் போதும் என்றார். 1974இல் வர்ச்சூ அரை லிட்டர் என்றார். இவ்வளவு எளிய முறை ஏன் உடனே எங்கும் பரவவில்லை? விடை ஆக்சிஜன் கணக்கில் இருக்கிறது.

மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன், இரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்று வைத்துக்கொள்வோம். 6 லிட்டர் செலுத்தினால் அதில் ஆக்சிஜன் 2 லிட்டர். உடல் எடுத்த கால் லிட்டர் போக, மிஞ்சும் வாயுவில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கும். அதே விகிதத்தில் 1 லிட்டர் மட்டும் செலுத்தினால் ஆக்சிஜன் 333 மில்லி லிட்டரே. 250 போக மிஞ்சுவது 83. அதாவது 11 விழுக்காடு! உடல் ஏற்கும் நைட்ரஸ் ஆக்சைடை இங்கு நாம் கணக்கில் சேர்க்கவில்லை. எனினும் ஆபத்து எங்கே என்பது விளங்கும். விகிதம் மாறவில்லை, ஓட்டத்தைக் குறைத்ததுமே உயிருக்கு ஊறு நேரக்கூடும். குழாயில் சிறு கசிவு இருந்தாலும், சுண்ணாம்பு தீர்ந்துபோனாலும் இடர்தான். ஆகவே, சுற்றிவரும் வாயுவை நொடிதோறும் அளக்கும் கருவி இன்றி இச்சிக்கனத்தில் இறங்குவது அறிவுடைமை ஆகாது. ஆக்சிஜன் அளவியும் கரியமில வாயு அளவியும் 1980களிலிருந்து படிப்படியாகப் பரவிய பிறகே இம்முறை அன்றாட அறுவைக்கு ஏற்றதாயிற்று.

பயன் சிறிதன்று. ஐசோஃபுளூரேன் என்ற மருந்தை 1 விழுக்காடு கலந்து 6 லிட்டர் ஓட்டத்தில் கொடுத்தால் மணிக்குச் சுமார் 18 மில்லி லிட்டர் திரவம் செலவாகும். 1 லிட்டர் ஓட்டத்தில் 3 மில்லி லிட்டர்தான். தொடக்கத்தில் சில நிமிடங்கள் மிகுதியாகச் செலுத்த வேண்டியிருப்பினும் மிச்சம் பெரிது. மேலும், வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக்கு மேல் வானில் தங்கிப் புவியைச் சூடாக்குவது. புவியைச் சூடாக்குவதில் வலிமை மிக்க டெஸ்ஃபுளூரேன் என்ற மயக்க மருந்தின் வழக்கமான பயன்பாட்டை 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருப்பதும் இதனால்தான்.

சிறு ஊர் மருத்துவமனைகளுக்கும் இம்முறை ஏற்றதே. ஆனால் வாங்கும் வரிசை முக்கியம்: முதலில் அளவுக் கருவி, பிறகு புதிய சுண்ணாம்பு, அதன் பின்னரே சிக்கனம். மருந்தில் மிச்சமாகும் பணம் கருவிக்குச் செலவிட்டதைக் காலப்போக்கில் ஈடுசெய்யும். கருவி வாங்காமல் மிச்சம் பிடிக்க முனைந்தால், அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் மேசைமேல் கிடக்கும் நோயாளியே.