ஈரான் விடுதலை இயக்கம்

ஈரான் விடுதலை இயக்கம் (பாரசீகத்தில் நெஹ்ஸத்-ஏ ஆஸாதி) 1961 மே மாதம் தெஹ்ரானில் தொடங்கப்பட்ட கட்சி. இஸ்லாமியப் பற்று, ஈரானிய நாட்டுப்பற்று, அரசியலமைப்புக்கு உட்பட்ட ஆட்சி, முன்னாள் பிரதமர் மொசாதெக்கின் வழி ஆகிய நான்கையும் தன் அடையாளமாக அறிவித்தது. மன்னராட்சியிலும் இஸ்லாமியக் குடியரசிலும் எதிரணியிலேயே நின்றது. இடையில் ஒன்பது மாதம் மட்டும் அதன் தலைவர் பிரதமராக இருந்தார்.

தோற்றம்: நிறுவியோர் மூவர். மஹ்மூத் தாலிகானி மதகுரு. யதொல்லா சஹாபி நிலவியல் பேராசிரியர். மெஹ்தி பாசர்கான் வெப்ப இயக்கவியல் கற்பித்த பொறியியலாளர். மொசாதெக் 1951இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கியபோது எண்ணெய்த் தொழிலைப் பொறுப்பேற்றவர்களில் பாசர்கான் ஒருவர். தெஹ்ரானுக்குக் குழாய்நீர் கொண்டுவரும் பணியையும் அவர் நடத்தினார். 1963இல் மன்னர் ஷாவின் சீர்திருத்த வாக்கெடுப்பை எதிர்த்ததால் தலைவர்கள் சிறைப்பட்டனர். பாசர்கானுக்கும் தாலிகானிக்கும் ராணுவ நீதிமன்றம் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இயக்கத்தின் குரல் பெரும்பாலும் வெளிநாடுகளில் இருந்த ஈரானிய மாணவர்களிடையேதான் கேட்டது.

1979: பெப்ரவரி 5 அன்று, ஷாவுக்கு எதிரான புரட்சியின் தலைவர் கொமெய்னி, பாசர்கானை இடைக்கால அரசின் பிரதமராக்கினார். சில நாட்களில் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் பேசிய பாசர்கான், கொமெய்னியைப் பாறைகளை நொறுக்கிக்கொண்டு போகும் புல்டோசருக்கும், தம்மைத் தார் ரோட்டில் மட்டுமே ஓடக்கூடிய மென்மையான காருக்கும் ஒப்பிட்டார். தோட்டப் பாதைகளில் ஏறி இறங்கிய மலையக வாசகருக்கு இந்த உவமைக்கு உரை தேவையில்லை. பாதை செப்பனிடப்படவே இல்லை. புரட்சிக் கமிட்டிகளும் புரட்சி நீதிமன்றங்களும் அமைச்சரவையைக் கேளாமல் கைது செய்தன, சுட்டுக் கொன்றன. தமது அரசு அலகில்லாத கத்தி என்று பாசர்கானே சொன்னார். நவம்பர் 1 அன்று அல்ஜியர்ஸில் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெஸின்ஸ்கியைச் சந்தித்தார். 4ஆம் தேதி தெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தனர். 6ஆம் தேதி அவர் பதவி விலகினார். தூதரகச் சம்பவமே காரணம் என்பர் பலர். விலகும் முடிவு அதற்கு முந்தியது என்றும் கூறப்படுகிறது.

பின்னர்: 1980இல் இயக்கத்தவர் சிலர் நாடாளுமன்றம் சென்றனர். 1982இல் கொர்ரம்ஷஹர் நகரம் மீட்கப்பட்டபின் ஈராக் போரைத் தொடர்வதை இயக்கம் எதிர்த்தது. 1985 அதிபர் தேர்தலில் பாசர்கானின் மனு நிராகரிக்கப்பட்டது. இயக்கத்துக்கு அங்கீகாரம் தரலாகாது என்று கொமெய்னி 1988இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தின் உண்மைத்தன்மையை இயக்கத்தார் ஏற்பதில்லை. பாசர்கான் 1995இல் சூரிச்சில் காலமானார். அடுத்த தலைவர் இப்ராஹிம் யஸ்தி 2017இல் மறைந்தார். 2002இல் நீதிமன்றம் இயக்கத்தைத் தடைசெய்தது. யஸ்திக்குப் பின் முகமது தவசொலி தலைமையேற்றார்.

ஊவாவில்: பதுளை மாவட்டம் ஈரானை அறிந்தது தேயிலை வாங்கும் நாடாகவும், ஈரானிய நிறுவனம் கட்டிய உமா ஓயா திட்டத்தாலும். சுரங்கம் தோண்டுகையில் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மக்கள் வீதிக்கு வந்தனர். 2024 ஏப்ரல் 24 அன்று அன்றைய ஈரான் அதிபர் ரைசி நேரில் வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார். குழாய்நீர்ப் பொறியியலாளரின் கட்சிக்கும் அத்திட்டத்துக்கும் தொடர்பில்லை.