மகிழுந்து வானொலி ஏற்பு

மகிழுந்து வானொலி ஏற்பு என்பது ஓடும் மகிழுந்தில் பொருத்தப்பட்ட வானொலிப்பெட்டி, ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளைத் தெளிவாகப் பெறும் திறனைக் குறிக்கும். வீட்டு வானொலி ஓரிடத்தில் இருப்பதால், பேச்சு வழக்கில் ஏரியல் எனப்படும் அதன் அலைவாங்கியை ஒருமுறை சரியாகத் திருப்பி வைத்தால் போதும். மகிழுந்தோ நொடிக்கு நொடி இடம் மாறுகிறது. அதன் இயந்திரமே இரைச்சலையும் உண்டாக்குகிறது. எனவே ஏற்பை மேம்படுத்த விரும்புவோர் குறை நிலப்பரப்பில் உள்ளதா, வண்டியில் உள்ளதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இதனை விளக்கத் திண்டுக்கல் நகரும் அதைச் சூழ்ந்த சமவெளியும் நல்ல எடுத்துக்காட்டுகள் ஆகும்.

வரலாறு

அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் 1930 ஆம் ஆண்டில் மோட்டோரோலா என்ற பெயரில் மகிழுந்து வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் செருமனியின் புளோபுங்க்ட் நிறுவனம் 1932 இல் இத்துறையில் இறங்கியது. அக்காலப் பெட்டிகள் மத்திய அலை, நெட்டலை போன்றவற்றையே பெற்றன. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 சூலை 23 இல் சென்னையில் தொடங்கியது. தமிழ்நாட்டின் உட்பகுதிகளில் அதற்குப் பின்னரும் நெடுங்காலம் மத்திய அலையே முதன்மையாக இருந்தது. 1939 இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையம் 936 கிலோஹெர்ட்சிலும், மதுரை நிலையம் 1269 கிலோஹெர்ட்சிலும் திண்டுக்கல் மக்களுக்கு அறிமுகமாயின.

திண்டுக்கல் சமவெளியின் நிலை

பண்பலை அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. மலைகளால் தடுக்கப்படும்போது அவை ஓரளவே வளைந்து மறுபுறம் செல்கின்றன. கோபுரம் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவு தொலைவுக்கு ஒலிபரப்பு எட்டும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் தடையற்ற நிலத்தில் எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும்.

அனைத்திந்திய வானொலியின் கொடைக்கானல் பண்பலை நிலையம் 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்புகிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. திண்டுக்கல் சமவெளி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைப்பட்ட 1,800 மீட்டரைக் கொண்டு கணக்கிட்டால் 170 கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது. திண்டுக்கல் நேர்கோட்டில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. இயற்கையே கட்டிக் கொடுத்த கோபுரம் என்று பழனி மலைத்தொடரைச் சொல்லலாம்.

மதுரை நகரப் பண்பலை நிலையங்களின் நிலை வேறு. சமவெளியில் நிற்கும் 100 மீட்டர்க் கோபுரம் ஏறத்தாழ 41 கிலோமீட்டர் வரை எட்டும். மகிழுந்து அலைவாங்கியின் உயரத்தைச் சேர்த்தால் இன்னும் 5 கிலோமீட்டர் கூடும். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். போதாக்குறைக்கு, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரும் சிறுமலை இரண்டு ஊர்களுக்கும் இடையில் நிற்கிறது. ஆகவே வாடிப்பட்டியைத் தாண்டி வடக்கே வரும்போது மதுரை நிலையங்கள் மங்குவதற்குப் பெட்டியைக் குறை கூறுதல் பொருந்தாது. இதேபோல் சிறுமலைக்குக் கிழக்கே உள்ள நத்தம் பக்கத்தில், கொடைக்கானல் அலைகளுக்கும் அதே மலை குறுக்கே வருகிறது. எந்த ஏரியலை மாற்றினாலும் மலையின் நிழலை முழுமையாக நீக்க இயலாது.

அலைவாங்கி

பண்பலைக்கு அலைநீளத்தின் கால்பங்கு நீளமுள்ள கம்பி மிகப் பொருத்தமானது. 100.5 மெகாஹெர்ட்சின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். எனவே 75 செ.மீ. கம்பி போதும். பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வண்டிகளில் காணப்பட்ட இழுத்து நீட்டும் கம்பி இந்த நீளத்திற்குச் சரிசெய்ய ஏற்றதாக இருந்தது. மத்திய அலையிலோ 1269 கிலோஹெர்ட்சின் அலைநீளம் 236 மீட்டர். அங்கு மகிழுந்தின் கம்பி எவ்வளவு நீளமாயினும் மிகக் குட்டையானதே. இதனால் மத்திய அலைக்குக் கம்பியைக் கூடியவரை நீட்டுவதும், பெட்டிக்குச் செல்லும் வடத்தை நீட்டாமல் இருப்பதும் நல்லது. தொலைக்காட்சிக்குரிய வடத்தை ஒட்டுப்போட்டு நீட்டினால், அதன் மின்தேக்குதிறன் மத்திய அலையைப் பெருமளவு விழுங்கிவிடும்.

இக்கால வண்டிகளின் கூரையில் உள்ள குட்டைக் கம்பியும் சுறாத்துடுப்பு வடிவ அலைவாங்கியும் அடியில் ஒரு சிறு பெருக்கியைக் கொண்டிருப்பது வழக்கம். அதற்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். கடையில் புதிய ஒலிப்பெட்டியை மாற்றும்போது மிகுதியாக நேரும் தவறு இங்குதான் உள்ளது. அலைவாங்கிக்கு மின்சாரம் தரும் கம்பி, பெரும்பாலும் நீல நிறமுடையது, இணைக்கப்படாமல் விடப்படுகிறது. பெருக்கி உயிரற்றுப் போக, வண்டி உரிமையாளர் புதிய பெட்டியே மட்டம் என்று எண்ணிக்கொள்கிறார். ஒரு கம்பியை இணைத்தால் தீரும் குறைக்காகச் சிலர் தனியாக 'பூஸ்டர்' வாங்குவதும் உண்டு. பூஸ்டர் அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கொடைக்கானல் நகரத்திலேயே ஓட்டினால் கோபுரத்தின் வலிமையான அலையால் பெட்டி திணறவும் கூடும். அழகுக்காகப் பசையால் ஒட்டப்படும் வெற்றுத் துடுப்புகளால் ஏற்பு சிறிதும் கூடாது.

அலைவாங்கியின் அடிப்பகுதி வண்டியின் வெற்று உலோகத்தைத் தொட வேண்டும். வண்ணப்பூச்சு, துரு, நீர் கசிவு ஆகியவை இத்தொடர்பைக் கெடுக்கின்றன. திருகைக் கழற்றித் தேய்த்து மீண்டும் இறுக்குவது செலவில்லாத முதல் மருத்துவம். முன்தூண் வழியாகப் புதிய வடம் இழுப்போர், அங்கு காற்றுப்பை உள்ளதா எனப் பார்த்த பின்னரே கைவைக்க வேண்டும்.

இரைச்சல்

இயந்திரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. படபடவென்ற ஒலி பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக்குகளிலிருந்து வரலாம். மின்தடை உள்ள பிளக்கும் அதற்குரிய வடமும் இதைக் குறைக்கும். டீசல் வண்டியில் இத்தொல்லை இல்லை. அலைவாங்கி வடத்தைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பார்த்தால் இரைச்சலின் வழி தெரியும்: இரைச்சல் நின்றால் அது அலைவாங்கி வழியாக வருகிறது; தொடர்ந்தால் மின்கம்பி வழியாக வருகிறது. மலிவான அலைபேசி மின்னேற்றிகளும் எல்.இ.டி. விளக்குகளும் புதிய இரைச்சல் மூலங்கள் ஆகும். மின்னேற்றியைப் பிடுங்கியவுடன் நிலையம் தெளிவாவது பலரும் கண்டதே. மின்சார மகிழுந்துகள் எழுப்பும் இரைச்சலால் சில நிறுவனங்கள் அவற்றில் மத்திய அலை வசதியையே விட்டுவிட்டன.

ஓடும்போது ஏற்படும் மங்கல்

பாறைகளிலும் கட்டடங்களிலும் பட்டுத் தெறித்து வரும் அலை, நேரே வரும் அலையோடு சில இடங்களில் கூடியும் சில இடங்களில் கழிந்தும் நிற்கும். இவ்விடங்கள் ஏறத்தாழ 1.5 மீட்டர் இடைவெளியில் அமையலாம். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதினைந்து முறை அலை மங்குவதே காதில் படபடப்பாகக் கேட்கிறது. சந்திப்பில் வண்டி நிற்கும்போது நிலையம் கரைந்தால், முக்கால் மீட்டர் முன்னே நகர்ந்தாலே திரும்பிவிடும். ஸ்டீரியோவை நிறுத்தி மோனோவில் கேட்டால் வலுக்குறைந்த நிலையமும் தெளிவாகும். பல பெட்டிகள் இதைத் தாமாகவே செய்கின்றன.

பயன்பாடு

2018 நவம்பர் 16 இல் கரையைக் கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகச் சென்று கொடைக்கானல் மலையிலும் சேதம் விளைவித்தது. இத்தகைய நாட்களில் மின்சாரம் தடைபட்டால் அலைபேசிக் கோபுரங்கள் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடக் கூடும். மகிழுந்து வானொலி வண்டியின் மின்கலத்தில் இயங்குவதால், ஒலிபரப்பு நடக்கும் வரை செய்தி கேட்க இயலும். மரம் விழுந்த மலைச்சாலையில் சிக்கியவருக்கு, துருவேறிய ஒரு திருகும் இணைக்காமல் விட்ட ஒரு நீலக் கம்பியும் அப்போது சிறிய குறைகள் அல்ல.