காக்கி உடுத்திய நம் பெண்கள்

சென்ற ஆண்டு நான்காம் படிவ வகுப்பில் ஒரு பழைய படத்தைத் திரையில் காட்டினேன். காக்கிச் சட்டை, காற்சட்டை, தொப்பி, தோளில் துப்பாக்கி என்று வரிசையாக நிற்கிறார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், இவங்க ஆம்பளைங்கதானே?" என்றான். முன்னால் இருந்த மாணவி திரும்பி, "டேய், நல்லா பாருடா, பொம்பளைங்க" என்றாள். அன்று திட்டமிட்ட பாடத்தை விட்டுவிட்டு அந்தப் படத்தைப் பற்றியே பேசினோம். அதைத்தான் இங்கே உங்களோடும் பகிர்கிறேன்.

படத்தில் இருந்தவர்கள் ஜான்சி ராணிப் படையினர். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2இல் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 12இல் நடந்த பெண்கள் கூட்டத்தில், சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் சுமார் இருபது பெண்களைத் திரட்டி அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார். கையில் நிஜத் துப்பாக்கி, உடுத்தியிருந்ததோ சேலை. அக்டோபர் 22இல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் பயிற்சி முகாம் திறந்தபோது சேலை போய்க் காக்கி வந்துவிட்டது. தரையில் தவழ வேண்டும், துப்பாக்கி சுட வேண்டும், மைல்கணக்கில் நடக்க வேண்டும். முந்தானையோடு எப்படி முடியும்? பலர் கூந்தலையும் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். கலியாணம் ஆகாத பெண் முடியை வெட்டினால் ஊர் என்னவெல்லாம் பேசும் என்று உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், மாணவர்களே.

இந்தப் படையில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆண்கள் சட்டை அவர்களுக்குப் புதிதல்ல. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது கொசுக்கடிக்காக, கைலிக்கு மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிப் போனவர்கள்தாம். அதை யாரும் புரட்சி என்று சொல்லவில்லை. ஆண் சட்டையைப் போட்டதால் ஆண் கூலியும் கிடைத்துவிடவில்லை. 1927இல் முக்கியப் பகுதிகளுக்கு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

அப்படியென்றால் காக்கியில் என்ன வித்தியாசம்? அது யாரோ கழற்றிப் போட்டதல்ல, அவர்களுக்கென்றே தைத்தது. அதோடு, அது ஜப்பானியர் காலம். துணிக்கு அப்படி ஒரு பஞ்சம். கோணிப்பையைச் சுற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆண்களைச் சயாம் இரயில்பாதை வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நிலையில் முழு உடுப்பும், வேளைச் சோறும், பாதுகாப்பான இடமும் தேடி வந்தவர்களும் படையில் இருந்திருப்பார்கள். இதைச் சொன்னால் நாட்டுப்பற்றைக் குறைத்துச் சொல்வதாகச் சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசியும் பற்றும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாதா என்ன?

வசதியான வீட்டிலிருந்தும் வந்தார்கள். கோலாலம்பூரில் 1925இல் பிறந்த ஜானகி, போஸின் பேச்சைக் கேட்டு, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. எப்படியோ பேசிப் படையில் சேர்ந்து, பர்மாவரை போய், துணைத் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். 1946இல் ம.இ.கா. தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். ஜானகி ஆதி நாகப்பன் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. இந்தப் பெண்கள் போர்முனையில் நின்று எதிரியை வீழ்த்தியதாக எழுதிவிடாதீர்கள். பர்மாவில் அவர்கள் பெரும்பாலும் காயம்பட்ட வீரர்களுக்குத் தாதிமை செய்தார்கள். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கி நடந்த நெடும்பயணமே பெரும் சோதனை. "பேண்ட் போட்டதும் பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது" என்றும் எழுதாதீர்கள். இந்த வாக்கியத்தை ஒரே தேர்வில் நான்கு தாளில் திருத்தியிருக்கிறேன்!

போர் முடிந்ததும் காக்கி பெட்டிக்குள் போனது. பெண்கள் சேலைக்கே திரும்பினார்கள். ஈப்போவில் பிறந்து 16 வயதில் படையில் சேர்ந்த இராசம்மா, பின்னர் படித்து நம்மைப் போல் ஆசிரியை ஆனார். இராசம்மா பூபாலன். அப்போது ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தாலும் ஆசிரியைக்குச் சம்பளம் குறைவு. 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்றே ஒரு சங்கம் உருவாகி, அவர் அதன் முதல் தலைவரானார். மனு, கூட்டம், பேச்சுவார்த்தை என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசு ஏற்றது 1960களின் இறுதியில்தான்.

இதைச் சொன்னதும் முன்வரிசை மாணவி, "அதுவரைக்கும் குறைச்சலாவா குடுத்தாங்க, டீச்சர்?" என்றாள். ஆமாம் என்றேன். மணி அடித்துவிட்டது. அவள் புத்தகத்தை மூடவே இல்லை.