தோடர் கதைகளிற் பெண்ணும் மணமுறையும்

வாய்மொழிக் கதை வழக்கத்தின் நிழலே எனக் கொள்வார் உளர். அக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை நீலகிரித் தோடர்தம் கதைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1901-02இல் அம்மக்களிடையே ஆராய்ச்சி நிகழ்த்திய ரிவர்சு, 1906இல் வெளியிட்ட நூலில் படைப்புக் கதையொன்றைத் தந்துள்ளார். ஓன் என்னும் தெய்வம் குந்தா மலைமீது 1600 எருமைகளை மண்ணினின்றும் வெளிக்கொணர்ந்தான்; அவன் மனைவி 1800 எருமைகளைக் கொணர்ந்தாள். ஓனுடைய கடைசி எருமையின் வாலைப் பற்றியவாறு முதல் தோடன் வந்தான். அவனது விலாவெலும்பினின்றும் முதற்பெண் தோன்றினாள். விலாவெலும்புச் செய்தி விவிலியத்திலும் காணப்படுதலின், அது பிற்காலக் கலப்போ என ஐயுற இடமுண்டு. அதனைச் சான்றாகக் கொண்டு முடிபு கூறுதல் தகாது.

தெய்கிர்சி என்னும் பெண்தெய்வத்தின் கதையே நமக்கு வலிய சான்றாகும். ஓன் இறந்தோர் உலகிற்குச் சென்றபின் வாழ்வோர் உலகை ஆள்பவள் அவள். எருமைகளைக் குலங்களுக்குப் பகுத்தளித்தவளும் சடங்குகளை வகுத்தவளும் அவளே என்பர். ஆயினும், அச்சடங்குகளுக்கு நடுவிடமாகிய பாற்கோயிலிற் பெண் புகலாகாது. அங்குப் பால் கறத்தலும் கடைதலும் ஆடவர்க்கே உரியன. கதை வழக்கத்தின் நிழலாயின், இம்முரண் எங்ஙனம் தோன்றியது?

இனி மணமுறையை நோக்குவோம். உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணத்தல் தோடரிடை முன்னாளில் வழக்கம். இன்று அது மறைந்துவிட்டது. அந்நாளில் மகவின் தந்தை யார் என்பதை உறுதிசெய்தது வில் வழங்கும் சடங்கு. மனைவி கருவுற்ற ஏழாம் திங்களளவில், கணவருள் ஒருவன், பெரும்பாலும் மூத்தவன், சிறு கொம்பாலும் புல்லாலும் இயன்ற வில்லையும் அம்பையும் அவளுக்கு அளிப்பான். அவனே தந்தையாவான். பிறிதொருவன் வில் வழங்கும்வரை, அவன் இறந்துபடினும், பின்னர்ப் பிறக்கும் மக்களும் அவனுக்கே உரியர்.

குருதியாலன்றிச் சடங்கால் உறவு அமைதல் தோடர்க்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மக்களிடையே, பெண்ணொருத்தி மணப்பொருள் கொடுத்து மற்றொரு பெண்ணுக்குக் கணவன் நிலையில் அமைந்த வழக்கத்தை அமாடியூமி 1987இல் விரித்துரைத்துள்ளார்.

தெய்கிர்சி கதையைப் பழைய பெண்ணாட்சியின் எச்சம் எனக் கொள்ளுதற்குச் சான்றில்லை. எனினும், கதையும் சடங்கும் ஒன்றையே உணர்த்துகின்றன: எருமைப் பங்கீடாயினும், தந்தை என்னும் உரிமையாயினும், அவை இயற்கையால் அமைந்தன அல்ல, வகுக்கப்பட்டன. வகுக்கப்பட்டது மாறுதற்கும் உரியது. பல்கணவர் மணம் மறைந்தமையே இதற்குச் சான்று. ஆதலின் கதையை வழக்கத்தின் நிழலாகக் கொள்ளாது, வழக்கம் பற்றி அம்மக்கள் கொண்ட கருத்தாகக் கொள்ளுதலே பொருந்தும்.