குப்பைமேட்டில் ஒரு புதையல்!

புதையல் என்றால் தங்கக் காசு, ஐம்பொன் சிலை என்றுதானே நினைப்பீர்கள்? 2014, ஏப்ரல் 26. அமெரிக்காவில், நியூ மெக்ஸிகோ மாநிலத்து அலமகோர்டோ என்ற ஊரின் பழைய குப்பைமேட்டைப் பொக்லைன் வைத்துத் தோண்டினார்கள். வேடிக்கை பார்க்க ஒரு பெருங்கூட்டம். புழுதிக் காற்று வேறு! உள்ளேயிருந்து வந்தவை... நசுங்கிப்போன வீடியோ கேம் கேட்ரிட்ஜ்கள்! 1983-ல் அடாரி கம்பெனி லாரிகளில் கொண்டுவந்து கொட்டிப் புதைத்த சரக்கு. அதில் ரொம்பப் 'பிரபலம்', ஈ.டி!

ஒரு விளையாட்டை ஏன் சார் புதைக்கவேண்டும்? அது புரிய, முதலில் இன்னொரு விளையாட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

அடாரியில் வாரன் ராபினெட் என்றொரு இளைஞர். 1978-ல், வெறும் எழுத்துக்களாலேயே ஆன ஒரு குகை விளையாட்டைப் பெரிய கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்துச் சொக்கிப்போனார். இதையே டி.வி-யில் படமாக ஓடவிட்டால்? 'அதெல்லாம் நடக்காது, விட்டுவிடு' என்றார் மேலதிகாரி. காரணம் இருந்தது. அடாரி 2600 மெஷினின் தற்காலிக நினைவகம் மொத்தமே 128 பைட்! ராபினெட் விடவில்லை.

1980-ல் 'அட்வெஞ்சர்' வெளிவந்தது. ஹீரோ யார் தெரியுமா? ஒரு சின்ன சதுரம்! வாள், அம்புக்குறி மாதிரி. டிராகன்களோ அசல் வாத்துகள்! ஆனால், கோட்டைகள், சாவிகள், இருண்ட சுரங்கப் பாதைகள், கண்ட பொருளையெல்லாம் கவ்விக்கொண்டு பறக்கும் வௌவால் என்று அதற்குள் ஓர் உலகமே இருந்தது. டிராகன் விழுங்கினால் அதன் வயிற்றுக்குள் நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரியும். பட்டனைத் தட்டினால் மறுபிறவி! தோற்றாலும் சிரிப்பு வந்தது. சுமார் பத்து லட்சம் விற்றது.

அந்த நாளில் அடாரி, விளையாட்டை உருவாக்கியவர் பெயரைப் போடாது. ராயல்டியும் கிடையாது. ராபினெட் என்ன செய்தார்? கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சாம்பல்நிறப் புள்ளியை உள்ளே ஒளித்துவைத்தார். அதைச் சுமந்துபோய் ஒரு சுவரைக் கடந்தால் ரகசிய அறை. அங்கே அவர் பெயர் மின்னும்! யாரிடமும் மூச்சுவிடாமல் வேலையை விட்டும் போய்விட்டார். பிறகு ஒரு பள்ளிச் சிறுவன் அதைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் போட்டபோதுதான் விஷயமே தெரிந்தது.

இப்போது ஈ.டி-க்கு வருவோம். ஸ்பீல்பெர்க்கின் படம் 1982 ஜூனில் வந்து சக்கைப்போடு போட்டது. விளையாட்டாக்கும் உரிமைக்கு அடாரி கொடுத்த தொகை, 2 கோடி டாலருக்கும் மேல் என்கிறார்கள். பேரம் முடிந்தபோது ஜூலை கடைசி. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருந்தாக வேண்டுமே! ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்த அவகாசம், ஐந்தே வாரம்! அவர் ஒன்றும் கத்துக்குட்டி அல்ல. 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற வெற்றி விளையாட்டைப் பல மாதம் இழைத்து இழைத்துச் செய்தவர். தன்மேல் நம்பிக்கை அதிகம். 'முடியும்' என்று ஒப்புக்கொண்டார்.

முடித்தும் விட்டார்! ஆனால், சிறுவர்களிடம் கொடுத்து ஆடவிட்டு, குறைகளைச் சரிசெய்ய நேரமில்லை. ஈ.டி. போன் செய்ய மூன்று துண்டுகளைத் தேடவேண்டும். போகிற இடமெல்லாம் குழி. கழுத்தை நீட்டி மெதுவாக மிதந்து மேலே வந்தால், வந்த வேகத்தில் மறுபடி தொபக்கடீர்! டிராகன் வயிற்றில் சிரித்த பிள்ளைகள் இந்தக் குழிக்குள் கடுப்பானார்கள். ஏராளமான கேட்ரிட்ஜ்கள் விற்காமல் தேங்கின. அடாரிக்கு 1983-ல் 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பழியெல்லாம் ஈ.டி. தலையில் விழுந்தது. உண்மையில், அளவுக்கு மீறி உற்பத்தி செய்த பேராசைதான் பெரிய காரணம்.

இரண்டுக்கும் மெஷின் ஒன்றுதான். இரண்டையுமே செய்தவர்கள் திறமைசாலிகள்தான். ஒருவருக்குப் பொறுமையாகச் செதுக்க நேரம் கிடைத்தது. இன்னொருவருக்குக் காலண்டர்தான் எஜமானன்!

கடைசியாக ஒன்று. 2018-ல் ஸ்பீல்பெர்க் 'ரெடி ப்ளேயர் ஒன்' எடுத்தார். அதன் கிளைமாக்ஸில் ஹீரோ ஒரு பழைய வீடியோ கேமை ஆடித்தான் ஜெயிக்கிறான். எதை என்கிறீர்கள்? ஈ.டி. அல்ல... ராபினெட்டின் ரகசிய அறையைத் தேடி, 'அட்வெஞ்சர்'!