புத்தகத்தில் பேர் வராத ஒருத்தர்

புதுச்சேரின்னா நம்மில் பலருக்கு மஞ்சள் சுவர், பீச் ரோடு, கஃபே இதெல்லாம்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் பேசப்போறது அந்த ஊர் அச்சகங்களைப் பற்றி. அதிலும் குறிப்பா, அச்சு மெஷின்ல ஊத்துற தண்ணியைப் பற்றி.

முதல்ல பக்கத்துல இருக்கிற ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து ஆரம்பப் பக்கங்களைப் பாருங்க. எழுதியவர், பதிப்பகம், அச்சகம்னு பேர்கள் இருக்கும். அச்சிட்டவர் பேரைப் போடுறது இங்கே வெறும் மரியாதையா ஆரம்பிச்ச வழக்கம் இல்லை. 1867-ல் பிரிட்டிஷ் அரசு போட்ட சட்டம் அது. புத்தகமோ பத்திரிகையோ, அச்சிட்டவர் யார், எங்கே அச்சிட்டார் என்று அதில் இருந்தே ஆகணும்னு 2024-ல் அந்தச் சட்டம் நீக்கப்படும் வரை விதி இருந்தது. பிரச்சினை வந்தா யாரைப் பிடிக்கிறதுன்னு தெரியணுமே!

1908-ல் அப்படித்தான் பிடித்தார்கள். அப்போது 'இந்தியா' வாரப் பத்திரிகை சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதில் எழுதிக்கொண்டிருந்தவர் பாரதியார். ஆனால் சட்டப்படி பதிவாகியிருந்த பேர் எம். சீனிவாசன். கைதானவர் அவர். ராஜத்துரோக வழக்கில் அவருக்கு 5 ஆண்டு தண்டனை. பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அதே வருஷம் அக்டோபரில் 'இந்தியா' இங்கிருந்து மறுபடி வர ஆரம்பித்து, 1910 மார்ச் வரை வந்தது.

புதுச்சேரிக்கு அதற்கு முன்பே அச்சு பழக்கம்தான். பாதிரியார்கள் மூசேவும் துய்ப்புயியும் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதியை, 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கிருந்த மிஷன் அச்சகம் அச்சிட்டது. 1914 ஆகஸ்ட் 15-ல் அரவிந்தரின் 'ஆர்யா' மாத இதழும் இந்த ஊரில்தான் தொடங்கியது.

இதெல்லாம் ஈய எழுத்துக் காலம். எழுத்து மேடா இருக்கும், மை அந்த மேட்டில் மட்டும் ஒட்டும், தாளை வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. இதில் தண்ணிக்கு வேலையே இல்லை.

தண்ணியைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் அலாய்ஸ் செனஃபெல்டர். நாடகம் எழுதுகிறவர். தன் நாடகங்களைச் செலவில்லாமல் அச்சடிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1790-களின் கடைசியில், சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புள்ள மையால் எழுதி, கல்லை ஈரமாக்கி, மேலே மை உருட்டிப் பார்த்தார். எழுதின இடத்தில் மை ஒட்டியது, ஈரமான இடத்தில் ஒட்டவில்லை. எண்ணெயும் தண்ணியும் சேராது, அவ்வளவுதான் சூத்திரம். கல்லில் மேடும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். 1904 வாக்கில் ஐரா ரூபெல் என்கிற அச்சக்காரர் ஒன்றைக் கவனித்தார். தாள் வைக்க மறந்துபோனால் படம் ரப்பர் உருளையில் பதிந்துவிடுகிறது. அடுத்த தாளில் அந்த ரப்பரிலிருந்து விழும் படம், நேரடியா விழுவதைவிடத் தெளிவா இருக்கிறது! அந்த வழிதான் ஆஃப்செட். தமிழ் அச்சகங்கள் 20-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஈய எழுத்தை விட்டு இதற்கு மாறின. கோர்க்கிற கையிலிருந்த திறமையில் ஒரு பெரிய பங்கு, மெஷின் ஓட்டுறவர் கண்ணுக்குப் போனது.

இதை நான் தெரிஞ்சுக்கிட்டது என் முட்டாள்தனத்தால். நம்ம பழைய எபிசோடுகளைச் சின்னப் புத்தகமா போடலாம்னு புதுச்சேரியில் ஒரு சின்ன அச்சகத்துக்குப் போனேன். முதல் ஷீட்டைப் பார்த்ததும், "அண்ணே, கறுப்பு இன்னும் அடர்த்தியா வேணும், இங்க் கூட்டுங்க"ன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் எழுத்தில்லாத இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் கறை. "தண்ணி பத்தலையோ?"ன்னேன். தண்ணியைக் கூட்டினார். கறை போச்சு, கறுப்பும் வெளுத்துப் போச்சு. மறுபடி இங்க். மறுபடி கறை. வேஸ்ட் ஷீட் ஒரு கட்டு சேர்ந்துடுச்சு.

"தம்பி, ரெண்டையும் ஏத்திக்கிட்டே போனா எங்கயும் போய் நிக்காது"ன்னு சொல்லிட்டு, அவர் பாணியில் ஆரம்பித்தார். மெஷினை ஓடவிட்டு, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைத்தார். ஓரத்தில் லேசா கறை தலைகாட்டியது. அங்கிருந்து ஒரே ஒரு துளி மேலே ஏற்றினார். அதுதான் அந்த வேலைக்கான தண்ணி. பிறகுதான் இங்கைத் தொட்டார். லென்ஸ் வச்சு எழுத்து விளிம்பைப் பார்த்தார். விளிம்பு கத்தி மாதிரி இருந்தது.

தண்ணின்னா வெறும் குழாய்த் தண்ணி இல்லை. கோந்தும் லேசான அமிலமும் கலந்தது. பொதுவா அதன் பி.எச். அளவு 4.5-லிருந்து 5.5-க்குள் இருக்கணும். அமிலம் அதிகமானால் மை காயத் தாமதமாகும். தண்ணியில் கால்சியம் உப்பு அதிகமானால் ரோலரில் மை சரியா பிடிக்காது. இன்னொரு விஷயம்: எண்ணெயும் தண்ணியும் சேராதுன்னு சொன்னேன் இல்லையா, மெஷினில் கொஞ்சம் சேரத்தான் செய்யும். மை சிறிதளவு தண்ணியை வாங்கிக்கணும், அளவு மீறி வாங்கினால் நிறம் கெட்டுவிடும். தாளும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். அதனால் கடலோர ஊரில் ஐப்பசி மழையில் சரியா இருந்த செட்டிங், சித்திரை வெயிலில் அப்படியே சரியா வரும்னு நம்ப முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் முதலிலிருந்து பார்க்கணும்.

அடிச்சு முடிச்ச ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணி பட்ட தடமே இல்லை. அவர் தப்பு பண்ணினால் நம்ம எல்லாருக்கும் தெரியும், சரியா பண்ணினால் யாருக்கும் தெரியாது.

1908-ல் அச்சிட்டவர் பேரைக் கேட்டது தண்டனை கொடுக்க. அதனால் அந்த வரியில் பொறுப்பாளி பேர் வந்தது, மெஷின் பக்கத்தில் நின்றவர் பேர் வரவில்லை. இன்னைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். எங்க புத்தகத்தில் அதை மாற்ற நினைத்து, "உங்க பேரைப் போடட்டுமாண்ணே?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, "முதல்ல மை காயட்டும் தம்பி"ன்னார். கடைசிப் பக்கத்தில் அவர் பேர் இருக்கு. இங்கே சொல்லலை, புத்தகம் கிடைச்சா அங்கே பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.