வன்னியிற் பேமிற் காணி: ஒரு வரலாற்று நோக்கு

வன்னியில் ஒரு காணியைப் பற்றி விசாரிப்போர் முதலிற் கேட்பது, அது உறுதிக் காணியா பேமிற் காணியா என்பதாகும். உறுதிக் காணியை அதன் சொந்தக்காரர் அறுதியாக விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பங்கிட்டும் கொடுக்கலாம். பேமிற் காணிக்காரருக்கோ இச்சுதந்திரம் இல்லை. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று, அதனாற் காக்கப்பட்டது எது, அதற்கு விலை கொடுத்தவர் எவர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலங்களை முடிக்குரியனவாகக் கருதியது. காடு செறிந்த வன்னியில் இதனால் அரசே பெரும் நிலவுடைமையாளராயிற்று. முடிக்குரிய காணிகள் பெருந்தோட்டங்களுக்கு விற்கப்பட்டு வந்த நிலையில், 1927 இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழு குடியானவரின் தேவைக்கே முதலிடம் அளிக்க வேண்டுமென வற்புறுத்தியது. அதன் பேறாக, டி. எஸ். சேனநாயக்கா விவசாய, காணி அமைச்சராயிருந்த காலத்தில், 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு, இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, 1936 இற் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கப்பட்டது.

அச்சட்டத்தின்படி குடியானவர் முதலில் அனுமதிப்பத்திரத்தையும், நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் அளிப்புப் பத்திரத்தையும் பெறுவர். உரிய அதிகாரியின் எழுத்து மூலமான இசைவின்றி அக்காணியைக் கைமாற்றுதல் இயலாது. குறித்த அளவுக்குக் கீழாகத் துண்டாடவும் இயலாது. கடனுக்காக நீதிமன்றக் கட்டளையினால் அது விற்கப்படவும் மாட்டாது. வட்டிக்காரனிடமிருந்து வயலைக் காப்பதே இவற்றின் உட்கருத்தாகும்.

பிற நாடுகளும் விளைநிலத்தைக் காக்க வழி தேடின. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள சபொக் கவுண்டி 1974 இல் இயற்றிய சட்டத்தின்படி, உள்ளூர் அரசு விவசாயியிடமிருந்து நிலத்தையன்றி, அதிற் கட்டடம் எழுப்பும் உரிமையை மாத்திரம் விலைக்கு வாங்கியது. நிலம் அவருடையதாகவே இருந்தது. கைவிட்ட உரிமைக்குப் பணமும் கிடைத்தது. வன்னியிலோ அரசு நிலத்தை வழங்கியபோதே சில உரிமைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டது. காணியற்றவருக்குக் காணி கிடைத்தமை பெரும் பேறே. ஆயினும் அக்காப்பின் சுமை குடும்பத்தின் மீதே விழுந்தது என்பது நோக்கற்பாலது.

அச்சுமையைத் தேசவழமையுடன் ஒப்பிடுங்கால் தெளிவாக உணரலாம். 1707 இல் ஒல்லாந்தராற் சட்டமாக ஏற்கப்பட்ட தேசவழமையிற் சீதனம் பெண்ணின் ஆதனமாகும். குடாநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் காணியைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தன. பேமிற் காணியிலோ அவ்வழமை செல்லாது. பின்னுரித்தாளி பெயர் குறிக்கப்படாவிடின், சட்டத்தின் அட்டவணைப்படி மகளுக்கு முன் மகனும், இளையவருக்கு முன் மூத்தவரும் உரித்துப் பெற்றனர். வயல் துண்டாகவில்லை, ஆனால் அவ்வயலில் நாற்று நட்ட மகளுக்கு அதிற் பங்கில்லாது போயிற்று. சட்டம் தடுத்த ஒற்றியும் குத்தகையும் வாய்ப்பேச்சில் நடந்தன. இவ்வாறு கைமாறிய காணிக்கு எழுத்துச் சான்று ஏதுமில்லை.

2009 இல் யுத்தம் முடிந்து மக்கள் மீண்டபோது இக்குறை முழுமையாக வெளிப்பட்டது. பலர் பத்திரங்களை இடப்பெயர்விற் தொலைத்திருந்தனர். பத்திரத்திற் பெயருள்ளவர் இறந்தோ காணாமற்போயோ இருந்த குடும்பங்களும் பல. அவ்வயலை உழுது வாழ வேண்டிய பெண்கள், தம் உரித்தை நிலைநாட்டக் கந்தோர் படிகளில் ஏறி இறங்கினர்.

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், உறுதிக் காணியாயினும் நெற்காணியை அனுமதியின்றி நிரப்புவதைத் தடை செய்கின்றது. 2022 ஆம் ஆண்டின் திருத்தமோ ஆண்பிள்ளைக்கிருந்த முந்துரிமையை நீக்கியது. முன்னையது வயலையும், பின்னையது வயலை உழுபவரையும் நோக்கியது. 1935 இல் ஒன்றாகச் சிந்தித்திருக்க வேண்டிய இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்க எண்பத்தேழு ஆண்டுகள் சென்றன. விளைநிலத்தைக் காத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அக்காப்பின் விலையை ஒரு வீட்டின் பெண்பிள்ளைகளே செலுத்துமாறு விடுதல் நீதியன்று என்பதே வன்னியின் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.